அப்பாவின் ஊர்வலத்தில் தேனீ கலைந்தது

அப்பா ஒரு பங்குனி மாதத்தில் இறந்தார். படுத்தவர் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். நோய் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. இளமையில் எங்கள் ஊரான நூம்பலில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். நிலமெல்லாம் மனைகளாக ஆனபிறகு வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் தோட்டவேலைக்குப் போனார். அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. டிவியைச் சத்தமாக வைத்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

தம்பி அவருக்கு நேர்மாறு. வாடகைக் கார் ஓட்டுகிறான். நானும் என் வீட்டுக்காரரும் அம்பத்தூரிலிருந்து வந்து சேர்வதற்குள் மேளம், பூப்பாடை, பத்தாயிரம் வாலா சரவெடி என்று எல்லாவற்றுக்கும் ஆள் அனுப்பிவிட்டிருந்தான்.

“எதுக்குடா வெடியெல்லாம்? நைனாவுக்கு ஆகாதே” என்றேன்.

“நைனாவுக்கு இனிமே இன்னாக்கா தெரியப்போவுது? பெத்த புள்ள சும்மா தூக்கிப் போட்டுட்டான்னு நாளைக்கு ஒருத்தன் பேசக் கூடாது.”

அழுது அழுது அவன் குரல் கட்டியிருந்தது.

சித்தப்பாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு ஒரே தம்பி அவர். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் விட்டுப்போய்விட்டது. அச்சகத்தில் விட்டார்களா, எழுதிக் கொடுக்கும்போதே விட்டதா என்று இன்றுவரை தெரியாது. அப்பா பத்திரிகையை எடுத்துக்கொண்டு போனார். சித்தப்பா பிரித்துப் படித்தார், மடித்தார், அப்பாவின் சட்டைப் பையிலேயே செருகி அனுப்பிவிட்டார். கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் பெரிய மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள் என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். பெண்கள் நாங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தோம். சித்தியும் அம்மாவும் ஒன்றாகத்தான் ரேஷன் கடைக்குப் போவார்கள். ஆனால் அப்பாவும் சித்தப்பாவும் எதிரெதிரே வந்தால் ஒருவர் சட்டென்று செருப்பைச் சரிசெய்யக் குனிந்துவிடுவார்.

சாவுச் செய்தி கேட்டதும் சித்தி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். சித்தப்பா வரவில்லை. தன் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு எங்கள் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் அவரைத் தாண்டித்தான் வந்தார்கள். யாரும் அவரைக் கூப்பிடத் துணியவில்லை.

மதியம் ஐஸ் பெட்டியிலிருந்து அப்பாவை எடுத்துக் குளிப்பாட்டிப் பாடையில் வைத்துக் கட்டியபோதுதான் சித்தப்பா எழுந்து வந்தார். கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை, கையில் ஒரு கோடித் துண்டு. உறவுக்காரர்கள் போட்ட வேட்டியும் சேலையுமாக ஏற்கெனவே அப்பாவின் மேல் கோடித் துணி ஒரு மெத்தை கனத்துக்குக் குவிந்திருந்தது. அதன்மேல் தன் துண்டையும் போட்டுவிட்டுக் கூட்டத்தின் பின்னால் போய் நின்றுகொண்டார். எப்போதோ வண்டியிலிருந்து விழுந்து வலது காலில் கம்பி வைத்திருந்தார்கள். அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார்.

எங்கள் சுடுகாடு ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. போவதற்கு ஒரே வழிதான். அந்த வழியில், பாதி கட்டி நின்றுபோன ஒரு அடுக்குமாடிக் கட்டடம். அதன் உச்சி மாடிச் சன்ஷேடுக்கு அடியில் முறம் அகலத்துக்கு ஒரு மலைத்தேனீக் கூடு தொங்கியது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். பால் வண்டியும் பள்ளிக்கூட வேனும் தினமும் அதன் கீழேதான் போய்வந்தன. தேனீக்கள் யாரையும் ஒன்றும் செய்ததில்லை. ஒன்றும் செய்யாததாலேயே நாங்கள் அதை மறந்துபோயிருந்தோம்.

பெண்கள் தெருமுனை வரைதான் போவோம். அங்கே நின்று, பாடை நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முன்னால் மேளக்காரர்கள், அவர்களுக்கு முன்னால் ஆடுகிற பையன்கள். பாடைக்கு முன்னே கொள்ளிச்சட்டியுடன் தம்பி. கட்டடத்துக்கு நேராகப் போனதும் யாரோ சரவெடியைச் சாலையில் நீளமாக விரித்துப் பற்றவைத்தார்கள். கதவும் சன்னலும் இல்லாத கட்டடத்துக்குள் புகுந்த சத்தம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

மேலேயிருந்து கறுப்பாக ஏதோ கழன்று விழுந்ததை நான் பார்த்தேன். விழுந்தது தரைக்கு வரவில்லை. பாதியில் விரிந்தது. வெடிப்புகை என்றுதான் நினைத்தேன். பிறகுதான் மேளம் நிற்கத் தொடங்கியது. எல்லாம் சேர்ந்து நிற்கவில்லை, ஒவ்வொன்றாக நின்றது. கடைசி மேளம் நின்றபோது ஆண்கள் எங்களை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

“தேனீ கலைஞ்சிடுச்சி! ஓடுங்க! ஊட்டுக்குள்ள ஓடுங்க!”

சட்டையைக் கழற்றித் தலையில் சுற்றியவர்கள், வேட்டியை உருவி முகத்தை மூடியவர்கள், வெறுங்கையால் அடித்துக்கொண்டே ஓடுகிறவர்கள். அடிக்க அடிக்க அவை இன்னும் அதிகமாக மொய்த்தன. மேளக்காரர்கள் மேளத்தைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு ஏரிப் பக்கம் ஓடினார்கள். தம்பி கொள்ளிச்சட்டியைப் போட்டு உடைத்துவிட்டு எதிர்ப்பட்ட சுவரில் மோதி விழுந்தான். அவன் தலை மயிர் அசைந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அவன் கையைப் பிடித்து ஒரு கடைக்குள் இழுத்துப்போட்டு ஷட்டரை இறக்கியதை மட்டும் பார்த்தேன். அதற்குள் என் கழுத்தில் ஒன்று கொட்டிவிட்டது.

தெருமுனையில் புதிதாகக் கட்டிய ஒரு வீடு. யார் இருக்கிறார்கள் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஒரு இளம்பெண் கதவைத் திறந்து, “சீக்கிரம் உள்ள வாங்க, எல்லாரும் வாங்க” என்று கத்தினாள். பதினைந்து பெண்களாவது அந்தக் கூடத்துக்குள் புகுந்திருப்போம். அவள் சன்னல்களைச் சாத்தினாள். எங்களோடு உள்ளே வந்துவிட்ட தேனீக்களை விளக்குமாற்றால் அடித்துக் கொன்றாள். அழுகை, வலி, கடவுள் பெயர், கெட்ட வார்த்தை எல்லாம் ஒன்றாகக் கேட்டது.

அம்மா மட்டும் பேசாமல் கண்ணாடிச் சன்னலோரம் போய் நின்றாள்.

“அவரு எங்கடி?” என்றாள்.

பாடை சாலை நடுவில் கிடந்தது. தூக்கிவந்தவர்கள் போட்டது போட்டபடி. ரோஜா மாலைகளின் மேலும் கோடித் துணியின் மேலும் தேனீக்கள் ஊர்ந்தன. சுற்றிலும் செருப்புகள். ஒரு ஆள் இல்லை. வெயிலில் அப்பா தனியாகக் கிடந்தார்.

“கொஞ்ச நேரத்துல அடங்கிடும்மா. அப்புறம் போயி தூக்கிக்கலாம்” என்றேன்.

அம்மா கண்ணாடியில் கையை வைத்தாள். “துணி அசையுது பாரு.”

“காத்துக்கு அசையுதும்மா.”

“காத்து எங்கடி கீது? நல்லா பாரு. அசையுது.” அவள் குரல் உயர்ந்தது. “உயிரு கீதுடி அவருக்கு! அய்யோ, உயிரோட கட்டிட்டீங்களேடி!”

நானும் பார்த்தேன். கோடித் துணி ஏறி இறங்கியது. மாலை ஒன்று சரிந்தது. ஒரு கணம் நானும் நம்பினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஐஸ் பெட்டியில் அத்தனை நேரம் இருந்தவரைப் பற்றித்தான் நம்பினேன். அம்மா கதவை நோக்கிப் பாய்ந்தாள். நாலு பேர் அவளைப் பிடித்துத் தரையில் உட்காரவைத்தார்கள். “உடுங்கடி! அவரு கூப்புடறாருடி!” என்று அவள் கத்தியதைப் போல ஒரு சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

அப்போது துணியின் விளிம்பிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. துணியை இழுத்துத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு திரும்ப உள்ளே போனது. முழுக்கைச் சட்டை போட்ட கை. கட்டம் போட்ட சட்டை.

சித்தி என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். “எங்க ஊட்டுக்காரரு” என்று சொன்னாள். கத்தவில்லை. சும்மா தெருவில் போகிற ஆளை அடையாளம் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

அந்த வீட்டுப் பெண் தீயணைப்புக்குப் போன் செய்துவிட்டு வந்தாள். வருகிறார்கள், ஆனால் பூந்தமல்லியில் டிராஃபிக் என்றாள். கதவுக்குப் பக்கத்தில் அவளுடைய ஸ்கூட்டர் சாமான்கள் மாட்டியிருந்தன. மழைக்கோட்டு, ஹெல்மெட், கையுறை. என் கண் அவற்றின் மேல் போனதை அவள் பார்த்துவிட்டாள்.

“வேணாங்க” என்றாள். பிறகு அவளே எடுத்துக் கொடுத்தாள். மழைக்கோட்டுக் காலை என் செருப்போடு சேர்த்துத் துப்பட்டாவால் கட்டினாள். கழுத்தில் இடைவெளி இல்லாமல் ஒரு துண்டைச் சுற்றினாள். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டாள். தன் கட்டிலில் இருந்த கனமான ரஜாய்ப் போர்வையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். “ஓடாதீங்கக்கா. கைய வீசாதீங்க. மெதுவா போங்க” என்றாள்.

மெதுவாகத்தான் போனேன். கொஞ்ச தூரம்தான் அது. ஆனால் ஆலங்கட்டி மழையில் நடப்பதுபோல அவை ஹெல்மெட்டில் வந்து மோதின. கண்ணாடியின் வெளிப்பக்கம் அவற்றின் வயிறு மடங்கி மடங்கிக் கொட்டுவதைக் கண்ணுக்கு நேரே பார்த்தேன். என் மூச்சில் கண்ணாடி மங்கியது. காலில் வெடித்தாளும் பூவும் தட்டுப்பட்டன.

பாடைக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன். சித்தப்பா தரையில் பாடையை ஒட்டிப் படுத்து, அப்பாவின் மேல் கையைப் போட்டு, இருவரையும் சேர்த்துத் துணியால் மூடியிருந்தார். கால் இரண்டும் வெளியே கிடந்தன. பாதங்கள் கறுப்பாக இருந்தன. மண் என்று நினைத்தேன். மண் இல்லை.

“சித்தப்பா, நான்தான். எழுந்துக்க முடியுதா?”

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “யாரு நீ? போ. போயிடு.”

“என்னப் புடிச்சிகினு எழுந்துருங்க.”

“காலு வரல. நீ போடி உள்ள. சாவப் போறியா?”

ரஜாயை அவர் கால்மேல் போட்டு ஓரங்களைச் செருகினேன். தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். கனத்த உடம்பு, நகரவில்லை. அதற்குள் துண்டுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே ஒன்று புகுந்துவிட்டது. காதுக்குள்ளேயே கொட்டியது. இன்னொன்று. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன். நான் போய் ஆனது ஒன்றும் இல்லை. ஒரு ரஜாயைப் போட்டுவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

தீயணைப்பு வண்டி வந்து தண்ணீரை மழைபோல மேலே விசிறி அடித்தபிறகுதான் அவை கொஞ்சம் விலகின. நனைந்த சாக்குகளைப் போர்த்திக்கொண்டு இரண்டு பேர் ஓடிப்போய்ச் சித்தப்பாவைத் தூக்கி வந்தார்கள். அப்பாவை அப்போதும் எடுக்கவில்லை. உயிரோடு இருக்கிறவங்களை முதலில் பார்க்கணும்மா என்று அவர்களில் ஒருவர் அம்மாவிடம் சொன்னார். அது நியாயம்தான். ஆனால் தண்ணீரில் ஊறி, பூவெல்லாம் வழிந்தோடி, சேற்றில் கிடந்த பாடையை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் எங்கள் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வீங்கிப்போன முகத்தைப் பார்த்து யாரையும் இன்னார் என்று சொல்ல முடியவில்லை. நான் நகத்தால் என் கழுத்திலிருந்த கொடுக்கைப் பிடுங்கப் போனபோது நர்ஸ் கையைத் தட்டிவிட்டாள். “கிள்ளி எடுக்காதீங்க, மிச்ச விஷமும் உள்ள எறங்கிடும். வழிச்சி எடுக்கணும்” என்று சொல்லி, என் வீட்டுக்காரரின் கம்பெனி அடையாள அட்டையை வாங்கி, அதன் ஓரத்தால் தோலைச் சுரண்டி ஒவ்வொன்றாகத் தள்ளினாள். தம்பிக்கு உதட்டின் உள்பக்கத்திலும் இருந்தது.

பொழுது சாய்ந்து தேனீக்கள் அடங்கியபின் அப்பாவைத் தூக்கினார்கள். மேளம் இல்லை, ஆட்டம் இல்லை, ஏழெட்டு ஆண்கள். தம்பிக்கு இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டுவிட்டன. ஊசி போட்டுக்கொண்டு நேராக வந்திருந்தான். என் வீட்டுக்காரர் அவன் தோளைப் பிடித்துச் சிதையைச் சுற்றி நடக்கவைத்தார். கொள்ளி வைக்கும் இடத்தை அவன் கையைப் பிடித்துக் காட்டினார். “அப்பன் மூஞ்சிய பாக்காமலே வெச்சேன் மாமா” என்று திரும்பத் திரும்பச் சொன்னானாம்.

மற்றவர்கள் இரண்டொரு நாளில் வீடு திரும்பினார்கள். சித்தப்பாவுக்கு மூன்றாம் நாள் சிறுநீர் நின்றுபோனது. விஷம் சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது என்று சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷினில் போட்டார்கள். சாவு வீட்டிலிருந்து வெளியே போகக் கூடாது என்று அத்தை முறையான ஒருத்தி தடுத்தாள். கேட்காமல் ஒரு மதியம் நான் போனேன். சித்தி சாப்பிடக் கீழே போயிருந்தாள்.

முகம் வீங்கி, அதில் புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொள்ள நேரமாயிற்று.

“உன் பெரிய பொண்ணு இன்னா படிக்கிறா?” என்று கேட்டார்.

“பி.காம் சித்தப்பா.”

“ம்.” கொஞ்ச நேரம் மெஷினைப் பார்த்தார். எந்த மெஷினையும் அப்படித்தான் பார்ப்பார், கழற்றி மாட்டப் போகிறவர்போல. பிறகு நான் கேட்காமலேயே சொன்னார்.

“எல்லாம் உட்டுட்டு ஓடிட்டானுங்க. எனக்கு ஓடறதுக்கு காலு ஏது? கிட்டக்க உங்க நைனாதான் இருந்தாரு.”

நான் ஸ்டூலைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“துணிய இழுத்து மூடிகினேன். உள்ள ஒரே ரோசாப்பூ வாசன. மூச்சு முட்டுது. வெளிய அதுங்க இரையுது, லேத்து ஓடற மாரி. ரோடு வேற கொதிக்குது. அவரு மட்டும் சில்லுனு இருந்தாரு. பெட்டில வெச்சிருந்தீங்க இல்ல? அவரு மேலயே மூஞ்ச வெச்சிகினேன்.”

உதட்டை ஈரப்படுத்தச் சொல்லிச் சைகை செய்தார். பஞ்சில் தண்ணீர் தொட்டு வைத்தேன்.

“கால்ல கொட்டக் கொட்ட, அவர புடிச்சி அமுக்கிகினே இருந்தேன். அண்ணாத்த, அண்ணாத்தன்னு கத்தினேன் போல. அவரு இன்னா பண்ணுவாரு, பாவம்.”

பத்திரிகையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சித்தி படியேறி வரும் சத்தம் கேட்டது. நான் எழுந்துகொண்டேன்.

அப்பாவின் காரியத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது சித்தப்பா இறந்தார். ஆஸ்பத்திரி வண்டியில் வந்த உடம்பைத் தெருவில் ரொம்ப நேரம் வைக்கவில்லை. அதற்குள் கட்டடத்தில் இருந்த கூட்டைத் தீவட்டி பிடித்துக் கொளுத்தியிருந்தார்கள். சுவரில் கரி மட்டும் இருந்தது. ஆனாலும் எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடியே அந்த இடத்தைக் கடந்தார்கள். சித்தப்பாவின் மகன் குடித்திருந்தான். சுடுகாட்டுக்குப் போகும் வழியில் நின்று என் தம்பியைப் பார்த்து, “நீ வெச்ச வெடிதான்டா எங்கப்பன கொன்னுச்சி” என்றான். தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அதன்பிறகு பல மாதம் அவன் காரை எடுக்கவில்லை. வீட்டிலேயே இருந்தான். யாராவது கதவை வேகமாகச் சாத்தினால் எழுந்து நின்றுவிடுவான்.

இரண்டு வீட்டுக் காரியத்தையும் சேர்த்தே செய்துவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். சித்தி ஒத்துக்கொள்ளவில்லை. “உங்க ஊட்டு சாவுக்கு வந்துதான் என் ஊட்டுக்காரரு போனாரு. வராமலே இருந்திருப்பாரு. நான்தான் போய்ட்டு வாயான்னு அனுப்பினேன்” என்றாள். ஆண்கள் பேசாமல் இருந்த காலத்திலெல்லாம் பேசிக்கொண்டிருந்தவள் அம்மாவோடு பேச்சை நிறுத்தினாள். அம்மா இரண்டு முறை அவள் வாசலுக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். இப்போது ரேஷன் கடைக்கு இருவரும் தனித்தனியாகப் போகிறார்கள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் வேலப்பன்சாவடி பஸ் ஸ்டாப்பில் சித்தியைப் பார்த்தேன். தனியாக நின்றிருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். விலகிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. என் பக்கம் பார்க்காமலே நின்றாள். நான் கிட்டே போய் நின்று, ஆஸ்பத்திரியில் அவர் என்னிடம் சொன்னதைச் சொன்னேன். கால் வராததை, அப்பா சில்லென்று இருந்ததை, அண்ணாத்த என்று கத்தியதை. பஸ் சத்தத்தில் சிலதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அவள் முழுதும் கேட்டாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

“எங்கிட்ட ஒண்ணும் சொல்லல” என்றாள் கடைசியில். “இன்னா கேட்டாலும் வலிக்குதுன்னு மட்டும்தான் சொல்லிகினு இருந்தாரு.”

முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

“வேற இன்னா சொன்னாரு?”

“அவ்ளோதான் சித்தி. அதுக்குள்ள நீங்க மேல வந்துட்டீங்க.”

அவள் தலையை ஆட்டினாள். பூந்தமல்லி பஸ் வந்தது. கூட்டமாக இருந்தும் ஏறிக்கொண்டாள். நான் அடுத்த பஸ்ஸுக்காக நின்றேன்.